நாமா, நாங்களா? – ஆவணப்படங்களில் ஆதிவாசிகளும் அவர்கள் மண்ணும்

ஆவணப்படம் என்றாலே என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய நியூஸ் ரீல்தான். 1948-ல் மத்திய அரசு தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்கள். தியேட்டர்காரர்கள் அவற்றைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நாம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லாததால், முறுக்கு சோடா வியாபாரம் அந்த நேரத்தில்தான் மும்முரமாக நடக்கும். கறுப்பு வெள்ளையில் ஒரு அணையின் மதகு திறக்கும். ஒரு உலையிலிருந்து இரும்புக் குழம்பு வழியும். கணீரென்ற ஒரு குரல் ‘நமது அணை’, ‘நமது ஆலை’, ‘நமது கனிவளம்’ என்று அடுக்கிக்கொண்டே போகும். நடுவே சில விநாடிகள், தலையில் இறகு செருகி, மத்தளம் கொட்டிக்கொண்டு ஆதிவாசிகள் வருவார்கள். ஆடுவார்கள், சிரிப்பார்கள். பேச மாட்டார்கள்.

அந்தக் காலத்துப் படங்களில் இந்தப் பக்கத்துக்காரர்களான நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. 1959 டிசம்பர் 6-ஆம் தேதி தன்பாத் பக்கம் பஞ்செட் அணையின் திறப்பு விழா. பிரதமர் நேரு அருகில் நிற்க, புத்னி மேஜான் என்ற சந்தால் பெண் பொத்தானை அழுத்துகிறார். பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும். அணை கட்டும் வேலையில் கூலியாக இருந்தவர். புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்கப்புறம் நடந்தது எந்தப் படத்திலும் இல்லை. விழாவில் நடந்த மாலை மரியாதையை வைத்து, அவர் நேருவுக்கு மணமானவர், வேற்றினத்தாரை மணந்தவருக்கு ஊரில் இடமில்லை என்று ஊரார் ஒதுக்கி வைத்தார்கள். 1962-ல் வேலையும் போயிற்று. ராஜீவ் காந்தி காலத்தில்தான் மறுபடி வேலை கிடைத்தது. 2023-ல் அவர் இறந்தபோதுதான் பலருக்கு அவர் அதுவரை உயிரோடு இருந்ததே தெரிய வந்தது.

தமிழ் பேசும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே; ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’, இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘வீ’. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், “நாம சினிமாவுக்குப் போறோம், நீங்க வரலையாம்மா?” என்று கேட்டு வீட்டில் திட்டு வாங்குவது இதனால்தான். நான் ஜம்ஷெட்பூருக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், சந்தாலி, ஹோ, முண்டாரி மொழிகளிலும் இந்த வித்தியாசம் உண்டு என்று. சந்தாலியில் ‘அபோ’ என்றால் நாம், ‘ஆலே’ என்றால் நாங்கள். ஒராவ் மக்கள் பேசும் குடுக் மொழியோ திராவிட மொழியேதான். அதில் ‘நாம்’ என்பது நாம்தான், ‘நாங்கள்’ என்பது ‘ஏம்’. நம்முடைய பழைய ‘யாம்’ இல்லையா அது!

நியூஸ் ரீல்காரரின் அந்த ‘நமது’வுக்குள் புத்னி மேஜான் இருந்தாரா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆதிவாசிகளின் மண்ணும் நீரும் கெட்டுப்போனதைச் சொல்லும் சில ஆவணப்படங்களைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நர்மதை அணை பற்றி ஆனந்த் பட்வர்தனும் சிமந்தினி துருவும் சேர்ந்து எடுத்த ‘எ நர்மதா டயரி’ (1995) போன்ற படங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே நம் வாசலுக்கு அருகில் எடுத்தவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ராஞ்சிக்காரரான ஸ்ரீபிரகாஷ் 1999-ல் எடுத்த ‘புத்தா வீப்ஸ் இன் ஜாதுகோடா’. ஜாதுகோடா நமக்குத் தெரியாத ஊரா என்ன? இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ரங்கிணி தேவி கோயிலுக்குக் குடும்பத்தோடு போகாதவர்கள் நம் சங்கத்தில் குறைவு. கோயிலுக்குப் போகும் அந்த ரோட்டை ஒட்டித்தான் 1967-ல் அமைந்த யுரேனியம் கார்ப்பரேஷனின் சுரங்கமும் ஆலையும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் தாதுவில் யுரேனியம் ரொம்பக் கொஞ்சம். ஆயிரம் கிலோ கல்லை வெட்டி, அரைத்து, அமிலத்தில் கரைத்தால் ஒரு கிலோகூடத் தேறாது. மிச்சம் அவ்வளவும் சேறாகக் குழாய் வழியே கழிவுக் குட்டைக்குப் போகிறது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தின் பெரும்பகுதி அந்தச் சேற்றோடுதான் போகிறது. அதில் உள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். எடுத்த யுரேனியம் மட்டும் மஞ்சள் பொடியாக ஹைதராபாத் போய், எரிபொருளாகி, அணு உலைகளுக்குப் போகிறது.

அப்படிப் போன இடங்களில் ஒன்று நம் கல்பாக்கம். 1984-ல் ஓடத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்படாதது. அதனால் வெளிநாட்டு யுரேனியத்தை அதில் பயன்படுத்த முடியாது. ஆந்திராவில் தும்மலப்பள்ளிச் சுரங்கம் வரும்வரை உள்நாட்டு யுரேனியம் என்றால் பெரும்பாலும் இந்தச் சிங்பூம் மண்ணில் எடுத்ததுதான். லீவில் ஊருக்குப் போய் அத்தை வீட்டுக் கூடத்தில் ஃபேனைப் போட்டுப் படுத்தபோது, நாம் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த ஜாதுகோடா கொஞ்சம் அங்கேயும் சுழன்றிருக்கிறது.

படத்துக்கு இரண்டு பெயர்கள். 1974-ல் பொக்ரான் சோதனைக்கு வைத்த ரகசியப் பெயரில் புத்தர் சிரித்தார். அதற்குப் பதிலாக இங்கே அழுகிறார் என்பது வெளியுலகத்துக்கான பெயர். இங்குள்ள மக்கள் மொழியில் ‘ராகி கானா கோ போங்கா புரு’. போங்கா என்றால் தெய்வம், புரு என்றால் மலை. அதாவது அழுவது புத்தர் அல்ல, இந்த ஊர்த் தெய்வமும் மலையும். முதல் பெயர் டில்லியோடு வாதாடுகிறது, இரண்டாவது பெயர் பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லி அழுகிறது. படம் முழுக்க இந்த இரண்டு காரியங்களையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்க்கிறது. அதன் பலமும் சிரமமும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

சிரமம் எது என்று சொல்கிறேன். கதிர்வீச்சைக் காமிராவால் பிடிக்க முடியாது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, புகையில்லை. காட்ட முடியாத ஒன்றைப் பற்றிப் படம் எடுப்பவர் காட்டக்கூடியதைத் தேடித்தான் ஆகவேண்டும். அப்போது கண்ணில் படுவது மனித உடம்பு. வளையாத விரல், வீங்கிய தலை, நடக்க முடியாத பிள்ளை. ஜாதுகோடா என்றதும் இன்றைக்கு யாருக்கும் நினைவில் வருவது இந்த உடம்புகள்தான். பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. ஆனால் மறுநாள் அதிகாரி ஒருவர் வந்து, “இந்தப் பிள்ளைக்கு இது கதிர்வீச்சால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால், படத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறுவனத்தின் பதில் எப்போதும் ஒன்றுதான்: தாது தரம் குறைந்தது, கதிர்வீச்சு அனுமதித்த அளவுக்குள், நோய்க்குக் காரணம் சத்துக்குறைவும் மலேரியாவும் குடியும். அணுசக்தித் துறையின் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்று 2004-ல் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு பிள்ளையின் உடம்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு அந்தப் பிள்ளையின் மருத்துவச் சீட்டோடு முடிந்துவிடும். கிராமம் கிராமமாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு வேறு வகை. அமைதிக்கான இந்திய மருத்துவர்கள் அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு, சுரங்கத்துக்கு அருகில் இருக்கும் கிராமங்களையும் தூரத்துக் கிராமங்களையும் ஒப்பிட்டு, அருகில் பிறவிக் குறைபாடு அதிகம் என்று காட்டியது. அந்த மாதிரி எண்ணிக்கையைக் காமிராவால் சொல்ல முடியாது.

உடம்பைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. 2014-ல் பத்திரிகைகளில் வந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்துத்தான் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. எழுத்து செய்யாததைப் படம் செய்தது. என் மனக்குறை வேறு. அந்தப் பிள்ளை ஆடாத ஆதிவாசி. நியூஸ் ரீலில் ஆடினார்கள், பேசவில்லை. இங்கே ஆடவும் இல்லை, பேசவும் இல்லை. பார்க்கிற நாம் ‘அய்யோ பாவம்’ என்று சொல்லும் அந்த நொடியில், அவர்கள் ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார்கள்.

ஸ்ரீபிரகாஷின் படம் இதைத் தாண்டி எழுந்து நிற்பது, ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கும் இடங்களிலும் ஊரின் அமைப்பைக் காட்டும் இடங்களிலும்தான். கழிவுக் குட்டை எங்கே இருக்கிறது, வீடு எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம்? ஆடு மாடு எங்கே மேய்கிறது? இதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம், கண் போதும். சுரங்கத்தில் போட்ட உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி துவைக்கிறாள் என்று தொழிலாளிகள் சொல்லிவந்தது நமக்குப் புரியாததா? இங்கே எத்தனை வீட்டில் ஃபாக்டரி உடுப்பைத் தனியாக ஊறப்போடுகிறோம்! ‘அவர்கள்’ அந்த இடத்தில் நாமாகிவிடுகிறார்கள். படம் வந்து ஏழு வருஷம் கழித்து, 2006 டிசம்பர் 24-ஆம் தேதி, ஆலையிலிருந்து குட்டைக்குக் கழிவு கொண்டுபோகும் குழாய் வெடித்துச் சேறு ஓடையில் கலந்தது. நிறுவனத்துக்கு அதை முதலில் சொன்னது ஊர்க்காரர்கள்தான். குழாயையும் குட்டையையும் அதன் கரையில் இருந்த வீடுகளையும் காட்டிய பகுதிதான் இன்றைக்கும் மறுக்க முடியாமல் நிற்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் படத்தோடு எனக்குச் சண்டை. சந்தால், ஹோ ஊர்களில் ஊருக்கொரு சால மரத்தோப்பு உண்டு, ஜாஹேர் என்பார்கள். நம் பக்கத்துக் கோயில்காடு மாதிரி. கிளை ஒடிக்க மாட்டார்கள், பூ பூத்த பிறகு அங்கே பூஜை செய்துவிட்டுத்தான் வசந்தத்தையே கொண்டாடுவார்கள். குட்டைகளுக்காக நிலம் எடுத்தபோது இந்தத் தோப்புகளும் போயின. அழுவது தெய்வமும் மலையும் என்று தலைப்பு வைத்துவிட்டு, இந்தத் தோப்பு போனதற்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம். உடம்பு கெட்டதற்கு இழப்பீடு கேட்கலாம். தெய்வம் இருந்த இடம் போனதற்கு எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது?

அடுத்தது பிஜு டோப்போவும் மேக்நாத்தும். ராஞ்சியில் ‘அக்ரா’ என்ற பெயரில் சேர்ந்து படம் எடுப்பவர்கள். பிஜு டோப்போ ஒராவ் ஆதிவாசி. காமிராவைத் தன் கையில் எடுத்துக்கொண்ட முதல் தலைமுறை. நிலத்துக்காகப் போராடியவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூடுகளைப் பற்றிய ‘விகாஸ் பந்தூக் கீ நால் ஸே’ (2003) என்ற படத்தில், 2001 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்கராவில் கோயல்-காரோ அணையை எதிர்த்து எட்டுப் பேர் செத்தது வருகிறது. அவர்கள் சுட்டார்கள், நாங்கள் செத்தோம் என்று சொல்லும் படம் அது, ‘நாங்கள்’ படம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர்களுடைய ‘லோஹா கரம் ஹை’ அப்படி நம்மைச் சும்மா விடாது. ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகளின் புகையைப் பற்றிய படம். சுற்றுச்சூழல் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இங்கே காமிராவுக்கு ஜாதுகோடாவின் கஷ்டம் இல்லை. கரி கண்ணுக்குத் தெரியும். இலையில் கரி, நெல்லில் கரி, குளத்தில் கரி, சுள்ளி பொறுக்கப் போனவள் கையில் கரி. கேட்டால், புகையை வடிகட்டும் ஈ.எஸ்.பி. கருவி எல்லா ஆலையிலும் இருக்கிறது என்று பதில் வரும். கரண்ட் செலவு மிச்சம் பிடிக்க ராத்திரியில் அதை நிறுத்திவிடுகிறார்கள் என்று இந்த ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். இரும்புத் தொழிலில் நாற்பது வருஷம் ஓட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஈ.எஸ்.பி. என்றால் என்ன, அதை ஓடவைக்க என்ன செலவு, நிறுத்தினால் எத்தனை டன் கரி வெளியே போகும் என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கும். வேறு ஊர்த் தமிழர்கள் இந்தப் படத்தை இரக்கத்தோடு பார்க்கலாம். நாம் அதைப் பார்க்கும்போது இரக்கத்துக்கு நேரம் இருக்காது. கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதிகாரி பேசியதும் ஊர்க்காரி பேசியதும் என் மொழியாகவே கேட்டன.

ஒடிசாவின் நியாம்கிரி பற்றி இரண்டு வார்த்தை. பாக்சைட் மலை, எட்டாயிரம் பேர் கொண்ட டோங்ரியா கோண்டு மக்களின் மலை. 2009-ல் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு ‘மைன்’ என்று ஒரு குறும்படம் எடுத்தது. பின்னணிக் குரல் ஆங்கில நடிகை ஜோனா லம்லி. மலையும் அருவியும் மூக்குத்தியும் கொள்ளை அழகு. அடுத்த வருஷமே ‘அவதார்’ படத்தோடு ஒப்பிட்டு உலகம் முழுக்கப் பேச வைத்தார்கள். நல்ல நோக்கம், நல்ல பலன், மறுக்கவில்லை. ஆனால் குரல் என்னவோ பழைய நியூஸ் ரீலின் குரல்தான். ஆண் குரல் பெண் குரல் ஆகியிருக்கிறது, அணைக்குப் பதில் மலையைப் புகழ்கிறது. பறம்புமலையைப் பற்றிக் கபிலர் எத்தனையோ பாடினார். ஆனால் மலையை இழந்த பிறகு பாரியின் பெண்கள் இருவரும் தாமே பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் அந்த ஒரே பாட்டைத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாரும் மறப்பதில்லை.

நியாம்கிரியில் பாரி மகளிரின் முறையும் வந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மலையில் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி முன்னிலையில் பன்னிரண்டு கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் அனுமதியை மறுத்தது. டோங்ரியாக்களின் கூவி மொழியும் திராவிட மொழிதான். மலையிலிருந்து இறங்கும் வம்சதாரா ஆறு ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் வரை போய் வயலுக்குப் பாய்ந்து கடலில் சேர்கிறது. மலை போனால் ஆறு போகும் என்றபோது, ஸ்ரீகாகுளத்து விவசாயியையும் அவர்கள் கணக்கில் சேர்த்துத்தான் ஆகவேண்டும். எட்டாயிரம் பேரின் ‘நாம்’ சில சமயம் ஒரு நாட்டின் ‘நமது’வைவிட அகலமாக இருந்துவிடுகிறது.

கடைசியாக பிஜு டோப்போ 2005-ல் எடுத்த ‘கோரா ராஜி’. ‘மண் வெட்டுகிறவர்களின் நாடு’ என்று அர்த்தம். குடுக் மொழிப் படம். சோட்டா நாக்பூரிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன ஆதிவாசிகளின் கதை. காடும் நிலமும் கைவிட்டுப் போனால் மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்று மற்றப் படங்கள் சொல்லாமல் விட்டதை இந்தப் படம் பின்தொடர்ந்து போகிறது. கண்டிச்சீமைக்குக் கப்பலேறிய நம்மவர்களின் கதை தெரிந்தவர்களுக்குப் பாதி சொன்னாலே போதும். மொழி புரியாவிட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கண்ணுக்கு ‘கண்’ சாயலில்தான் ஒரு சொல், உனக்கு ‘நீன்’. ஊரை விட்டு வந்தவர்கள் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். நாம் வந்தது வேலை உத்தரவோடும் குவார்ட்டர்ஸ் சாவியோடும். அவர்கள் போனது வேறு மாதிரி.

இப்படி ஒரு படம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: “அப்பா, அந்தப் பாட்டி அவ்ளோ நேரம் பேசினாங்க, கீழே ரெண்டே ரெண்டு வரிதானே வந்துச்சு?” உண்மைதான். பாட்டி பேசியது ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். இங்கிலீஷில் கீழே வந்தது ‘வீ’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம். அந்த ‘வீ’ அபோவா, ஆலேயா? தன் ஊரை மட்டும் சொன்னாரா, காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டாரா? இந்தி சப்டைட்டில் போட்டாலும் ‘ஹம்’ என்றுதான் வரும். அது தெரிய வேண்டுமானால் தமிழில் போட வேண்டும்.

நம் சங்க ஹாலில் பொங்கலுக்கும் சித்திரை விழாவுக்கும் படம் போடுகிறோம். இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை ‘கோரா ராஜி’க்கும் ஜாதுகோடா படத்துக்கும் ஒதுக்கலாம் என்பது செயற்குழுவுக்கு என் விண்ணப்பம். எடுத்தவர்களிடம் முறைப்படி அனுமதி கேட்டு, தமிழ் சப்டைட்டில் நாமே தயாரிக்கலாம். இளைஞர் அணியில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹோவும் சந்தாலியும் குடுக்கும் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நம் ஷிஃப்டிலேயே, நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கூட உட்கார்ந்து, ஒவ்வொரு இடத்திலும் ‘இது நாமா, நாங்களா?’ என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். படம் போடும் அன்றைக்கு அவர்களையும் குடும்பத்தோடு அழைக்க வேண்டும், முன் வரிசையில்.